என்டிடி, சிஸ்விப், ஏபிஐ, நெபோஷ்: மெக்கானிக்கல் படித்தவர் எதற்குப் பணம் கட்டுவது?

திருச்சி, துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட்களில் வேலை பார்க்கும் டிப்ளமோ, பி.இ. பையன்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "அண்ணா, கல்ஃப் போகணும், என்ன கோர்ஸ் முடிக்கலாம்?" கேட்கும்போதே கையில் ஏதாவது ஒரு பயிற்சி மையத்தின் நோட்டீஸ் இருக்கும். ஐந்து என்டிடி (பொருளைச் சேதப்படுத்தாமல் குறை கண்டுபிடிக்கும் சோதனை) மெத்தட், க்யூஏ க்யூசி (தரக் கட்டுப்பாடு), பைப்பிங், வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் சேர்த்து ஒரே மாதத்தில், வேலை உத்தரவாதத்தோடு என்று போட்டிருப்பார்கள். வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு அப்புறம் வந்து கேட்பவர்களும் உண்டு. கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டீஸைப் பார்த்துச் சான்றிதழைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாளைக்கு அதைக் கையில் வாங்கிப் பார்க்கப்போகிறவர் யார், அவர் அதில் எதைத் தேடுவார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கல்ஃப் ப்ராஜெக்ட்களில் உங்களை வேலைக்கு எடுக்கும் காண்ட்ராக்டர் மட்டும் சரி என்றால் போதாது. சவுதி அராம்கோ போன்ற இடங்களில் க்யூசி இன்ஸ்பெக்டரின் சிவியை க்ளையன்ட் (ப்ராஜெக்டின் சொந்தக்காரக் கம்பெனி) தரப்பும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பயிற்சி மையத்தின் பெயர் தெரிந்திருக்காது. சான்றிதழ் வழங்கிய அமைப்பின் பெயரும் உங்கள் அனுபவமும்தான் அவர் கண்ணில் படும்.

1. முதலில் வேலையை முடிவு செய்யுங்கள்

"இன்ஸ்பெக்‌ஷன் லைன்" என்று பொதுவாகச் சொல்கிறோம். உள்ளே நான்கைந்து தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ப்ரோப் பிடித்து, ஃபிலிம் பார்த்து வெல்டைச் சோதிப்பவர் என்டிடி டெக்னீஷியன். ஃபிட்-அப்பில் (வெல்ட் செய்யும் முன் துண்டுகளைப் பொருத்துவதில்) தொடங்கி வெல்டிங் முடியும்வரை கூடவே நின்று பார்ப்பவர் வெல்டிங் இன்ஸ்பெக்டர். ஓடிக்கொண்டிருக்கும் ரிஃபைனரியில் பழைய வெசல் (அழுத்தக் கலன்), பைப், டேங்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் போடுபவர் ப்ளான்ட் இன்ஸ்பெக்டர். சேஃப்டி ஆபீசர் வேலை இதிலெல்லாம் சேராத தனிப் பாதை.

உங்களுக்கு எது என்று முடிவானதும் வேலைவாய்ப்புத் தளங்களில் அந்தப் பதவிக்கு வந்த இருபது விளம்பரங்களை எடுத்து உட்காருங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, எந்தச் சான்றிதழ் கட்டாயம், எது இருந்தால் நல்லது, எத்தனை வருஷ அனுபவம் என்று குறியுங்கள். ஒரு சாயங்கால வேலைதான். இதைச் செய்தவர்கள் பாதிப் பேருக்கு மேற்கொண்டு என்னிடம் கேட்க ஒன்றும் இருப்பதில்லை. வெல்டிங் இன்ஸ்பெக்டர் விளம்பரங்களில் "சிஸ்விப் 3.1 அல்லது ஏடபிள்யூஎஸ் சிடபிள்யூஐ" என்பது திரும்பத் திரும்ப வரும்; இரண்டும் வெல்டிங் இன்ஸ்பெக்டருக்கான சான்றிதழ்கள். நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருந்த "பைப்பிங் டிப்ளமோ"வை எந்த விளம்பரமும் கேட்டிருக்காது.

2. சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார் என்று பாருங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"ஏஎஸ்என்டி லெவல் 2" என்று ஊரெல்லாம் விற்கப்படும் சான்றிதழைப் பலரும் அமெரிக்காவில் இருக்கும் ஏஎஸ்என்டி என்ற என்டிடி சங்கமே தருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். (லெவல் 1, 2, 3 என்பவை என்டிடி ஆட்களின் தகுதிப் படிகள்.) ஏஎஸ்என்டி வெளியிட்டிருப்பது எஸ்என்டி-டிசி-1ஏ என்ற பரிந்துரை ஆவணம். ஒரு கம்பெனி தன்னுடைய என்டிடி ஆட்களுக்கு எப்படிப் பயிற்சி தந்து, தேர்வு வைத்து, சான்றளிக்கலாம் என்று அது சொல்கிறது. அதன்படி சான்றளிக்க வேண்டியவர் உங்கள் முதலாளி. கம்பெனி தனக்கென்று ஒரு எழுத்துப்பூர்வ நடைமுறை வைத்திருக்க வேண்டும், லெவல் 3 தகுதியுள்ள ஒருவர் அதை மேற்பார்க்க வேண்டும். நீங்கள் அந்தக் கம்பெனியை விட்டு வந்தால் சான்றும் அங்கேயே முடிகிறது. புதுக் கம்பெனி உங்கள் பழைய ஆவணங்களைப் பார்த்துத் தன் நடைமுறைப்படி மறுபடி சான்றளிக்க வேண்டும்.

அப்படியானால் பயிற்சி மையம் தரும் தாளுக்கு என்ன அர்த்தம்? இத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தார், இந்தத் தேர்வுகளில் தேறினார் என்பதற்கான ஆதாரம் அது. அதற்கு மதிப்பு உண்டு, வேலைக்குச் சேரும்போது உதவும். ஆனால் முழுத் தகுதிக்கு அனுபவ மணி நேரமும் சேர வேண்டும். அல்ட்ராசோனிக்கில் (ஒலி அலை அனுப்பி உள்ளே இருக்கும் குறையைப் பார்க்கும் மெத்தட்) லெவல் 1-க்கு 40 மணி நேரம், லெவல் 2-க்கு இன்னொரு 40 மணி நேரம் என்று வகுப்புக்கு மட்டுமே ஆவணம் பரிந்துரைக்கிறது. வேலை அனுபவம் அதற்கு மேல் நூற்றுக்கணக்கான மணி நேரம். தேர்விலும் ஜெனரல், ஸ்பெசிஃபிக், ப்ராக்டிகல் என மூன்று பகுதி உண்டு. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம், மொத்தச் சராசரி 80 சதவீதம் வேண்டும். பத்தே நாளில் ஐந்து மெத்தட் என்று யாராவது சொன்னால், அல்ட்ராசோனிக்குக்கு மட்டும் எத்தனை மணி நேரம் போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வகை, மூன்றாம் தரப்பு அமைப்பே தேர்வு நடத்தி நேரடியாகத் தரும் சான்றிதழ். ஐஎஸ்ஓ 9712 என்ற சர்வதேசத் தர முறையில் வரும் பிசிஎன் என்ற என்டிடி சான்றிதழ், இங்கிலாந்தின் டிடபிள்யூஐ நிறுவனத்தைச் சேர்ந்த சிஸ்விப், அமெரிக்கன் வெல்டிங் சொசைட்டியின் சிடபிள்யூஐ, அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் ஏபிஐ 510, 570, 653 எல்லாம் இதில் அடங்கும். இவை உங்கள் பேரில் இருப்பவை. கம்பெனி மாறினாலும் கூடவே வரும். முக்கியமாக, உங்கள் பெயரையோ எண்ணையோ கொடுத்து அந்த அமைப்பிடமே சரிபார்த்துக்கொள்ளலாம். க்ளையன்ட் இவற்றை நம்புவதற்குக் காரணம் இதுதான். என்டிடி லெவல் 3 தேர்வை ஏஎஸ்என்டியே நேரடியாக நடத்துவதால் அதுவும் இந்த வகையில் சேரும்.

மூன்றாவது, சட்டம் கேட்கும் தகுதி. ரேடியோகிராஃபி (ஆர்டி), அதாவது கதிர் செலுத்தி வெல்டை ஃபிலிமில் படமெடுப்பது, இதற்குச் சரியான உதாரணம். ஐரிடியம்-192 போன்ற கதிரியக்க மூலத்தை இந்தியாவில் கையாள வேண்டுமென்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் ரேடியோகிராஃபர் பயிற்சி கட்டாயம். பயிற்சி மையங்களில் சொல்லித்தரும் ஆர்டிஎஃப்ஐ என்பது எடுத்த ஃபிலிமைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் பாடம். அதை முடித்துவிட்டு "ஆர்டி லெவல் 2 முடித்துவிட்டேன், சோர்ஸ் கேமரா (கதிரியக்க மூலம் உள்ள கருவி) எடுக்கலாம்" என்று நினைப்பது தவறு, ஆபத்தும்கூட.

3. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

ஏபிஐ பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருப்பதால் கல்லூரி முடித்த கையோடு அதற்குப் பணம் கட்டப் பார்க்கிறார்கள். ஏபிஐ 510 எழுத, பொறியியல் பட்டதாரிக்குக் குறைந்தது ஓராண்டு அனுபவம் வேண்டும். இரண்டாண்டுத் தொழில்நுட்பப் படிப்பு முடித்தவருக்கு 2 ஆண்டு, பள்ளிப் படிப்பு மட்டும் உள்ளவருக்கு 3 ஆண்டு, அதுவும் இல்லாதவருக்கு 5 ஆண்டு. அதுவும் இன்ஸ்பெக்‌ஷன் தொடர்பான அனுபவமாக, கடந்த பத்து ஆண்டுகளுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். தேர்வில் 170 கேள்வி, 140-க்குத்தான் மதிப்பெண். ஒரு பகுதி புத்தகம் பார்க்காமல், இன்னொரு பகுதி கோட் புத்தகத்தை (தொழில்நுட்ப விதிகள் அடங்கிய புத்தகம்) பார்த்து. கோடில் எந்த விஷயம் எங்கே இருக்கிறது என்று கைப்பழக்கம் இல்லாதவருக்கு இரண்டாவது பகுதியில் தேடுவதிலேயே நேரம் போய்விடும். ஒரு ஷட்டவுனாவது (பராமரிப்புக்காக ப்ளான்ட்டை நிறுத்துவது) நேரில் பார்த்தவருக்கு அந்தக் கேள்விகள் படமாக விரியும்.

சிடபிள்யூஐக்குப் பள்ளிப் படிப்போடு வெல்டிங் சார்ந்த வேலையில் 5 ஆண்டு கேட்கிறார்கள். வெல்டிங் சார்ந்த மேல்படிப்பு இருந்தால் அது குறையும். சிஸ்விப் 3.1-க்கும் முன் அனுபவம் வேண்டும். ஒவ்வொன்றின் நிபந்தனையையும் அந்தந்த அமைப்பின் தளத்தில் நீங்களே படியுங்கள். பயிற்சி மையத்தில் போனில் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

அனுபவம் குறைகிறது என்றால் ஒரு போலி அனுபவக் கடிதம் தயார் செய்துகொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் போகும், க்ளையன்ட் இன்னொரு முறை உங்கள் பெயரை ஏற்க மாட்டார். பிடிபடாவிட்டால் இன்னும் மோசம். என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாத ஒருவர் கையெழுத்துப் போட்ட வெசல் முழு அழுத்தத்தில் ஓடும், அதன் பக்கத்தில் மனிதர்கள் வேலை செய்வார்கள்.

4. அனுபவத்துக்கு ஏற்ற வரிசை

இப்போதுதான் படிப்பு முடித்தவர், ஓரிரு வருஷ அனுபவம் உள்ளவர் என்றால் முதலில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டிலோ என்டிடி சர்வீஸ் கம்பெனியிலோ வேலைக்குச் சேருங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கூடவே விஷுவல், பெனிட்ரன்ட், மேக்னெட்டிக் பார்ட்டிகிள் (காந்தத் துகள் சோதனை) ஆகிய மூன்று மெத்தடையும் முடிக்கலாம். செலவு குறைவு, சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் கையால் செய்து பழகுங்கள். பெனிட்ரன்ட் டெஸ்டையே எடுத்துக்கொள்வோம். சிவப்புத் திரவத்தை அடித்து, விரிசலுக்குள் இறங்க நேரம் கொடுத்து, மேலே தங்கியதைத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசிந்து வரும். துடைக்கும்போது க்ளீனரைத் துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். அவசரத்தில் வெல்டின் மேலேயே நேராக அடித்தால் விரிசலுக்குள் போனதும் கழுவிக்கொண்டு வந்துவிடும், குறை தெரியாது. டெவலப்பர் அடித்த பிறகு முடிவு சொல்லவும் பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும். இன்டர்வியூவில் இதைக் கேட்பார்கள். வகுப்பில் ஸ்லைடு மட்டும் பார்த்தவர் தடுமாறுவது இங்கேதான்.

அடுத்து அல்ட்ராசோனிக். ஒரு மெத்தடுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கற்றுக்கொள்ளக் கடினம், அதனாலேயே நன்றாகத் தெரிந்த ஆளுக்குக் கிராக்கி. இதில் கை பழகியவர் பிறகு ஃபேஸ்டு அரே, டோஃப்ட் என்ற மேம்பட்ட அல்ட்ராசோனிக் முறைகளுக்குப் போகலாம். அடிப்படை ஆட்டமாக இருக்கும்போதே ஃபேஸ்டு அரே கோர்ஸில் சேராதீர்கள்.

மூன்று முதல் ஐந்து வருஷம் ஆனவர் சிஸ்விப் 3.1, சிடபிள்யூஐ இரண்டில் ஒன்றை எடுக்கலாம். எது என்பதற்கு நீங்கள் குறித்து வைத்த விளம்பர நோட்டே பதில் சொல்லும். இரண்டையும் ஏற்கிறார்கள் என்றால், எந்தத் தேர்வு உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடக்கிறது, எதன் புதுப்பிப்பு எளிது என்று பாருங்கள். சிஸ்விப் 5 ஆண்டு செல்லும். சிடபிள்யூஐயை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, ஒன்பதாம் ஆண்டில் மறுசான்று பெற வேண்டும். இரண்டிலுமே செய்முறை உண்டு. வெல்ட் மாதிரியைக் கையில் கொடுத்து, கேஜ் வைத்து அளந்து, அண்டர்கட் (வெல்ட் ஓரப் பள்ளம்) எவ்வளவு, ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் (வெல்டின் மேல்மேடு) எவ்வளவு என்று எழுதி, ஏற்கலாமா கூடாதா என்று சொல்லச் சொல்வார்கள். தினமும் கேஜ் பிடிப்பவருக்கு அது வழக்கமான வேலை.

ஏபிஐ மூன்றில் எது முதலில் என்பது நீங்கள் எதன் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெசல் என்றால் 510, ப்ராசஸ் பைப்பிங் என்றால் 570, தரைக்கு மேல் இருக்கும் சேமிப்பு டேங்க் என்றால் 653. புதுக் கட்டுமானத்தில் மட்டுமே இருக்கப்போகிறவருக்கு ஏபிஐயை விட வெல்டிங் சான்றிதழ்தான் அன்றாடம் பயன்படும்.

5. சேஃப்டிக்குப் போகிறவர்களுக்கு

இங்கே கேள்வி எளிது: வேலை இந்தியாவிலா, வெளியிலா?

தமிழ்நாட்டில் ஒரு தொழிற்சாலையில் சட்டப்படியான சேஃப்டி ஆபீசராக உட்கார வேண்டும் என்றால் அரசு ஏற்கும் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ வேண்டும். சென்னை தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் அந்தப் படிப்பு உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்டது. 2020-இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தொழிற்சாலைகளுக்கு 500 என்றும், அபாயகரமான தொழில் நடக்கும் இடங்களுக்கு 250 என்றும் குறைத்தது. இந்தப் பாதையில் போகிறவருக்கு இது நல்ல செய்தி. நெபோஷ் (பிரிட்டிஷ் அமைப்பு ஒன்று தரும் சேஃப்டி சான்றிதழ்) மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பதவியைக் கேட்க முடியாது.

கல்ஃபுக்கு என்றால் நெபோஷின் சர்வதேசப் பொதுச் சான்றிதழான ஐஜிசி. அந்தப் பெயரை அங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்குக் காலாவதி கிடையாது. ஆனால் தேர்வு ஆங்கிலத்தில் விரிவாக எழுத வேண்டியது. ஒரு பணியிடச் சம்பவத்தைக் கொடுத்து, அதிலிருந்து ஆதாரம் எடுத்து வாதிடச் சொல்வார்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம், புத்தகத்தில் நேரடி விடை இருக்காது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கோர்வையாக எழுத வரவில்லை என்றால் மூன்று மாதம் அதைப் பழகிவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். எழுதித் தருகிறோம் என்று சொல்லும் மையங்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். தேர்வுக்குப் பிறகு உங்களிடமே பேசிச் சரிபார்ப்பார்கள்.

"ஓஷா சர்டிபிகேட்" பற்றியும் ஒரு வார்த்தை. ஓஷா அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு. அதன் 30 மணி நேரப் பயிற்சி ஒரு விழிப்புணர்வுப் பயிற்சி, தொழில்முறைச் சான்றிதழ் ஆகாது என்று ஓஷாவே சொல்கிறது. நம் ஊரில் கிடைப்பவற்றில் பல, அந்த விதிகளை அடிப்படையாக வைத்து மையங்கள் தாங்களே அச்சடித்துத் தருபவை. தெரிந்துகொள்வதற்குப் படிக்கலாம், அதை நம்பி விமானம் ஏற வேண்டாம்.

6. முழுச் செலவையும் எழுதிப் பாருங்கள்

நோட்டீஸில் இருக்கும் தொகை பயிற்சிக் கட்டணம் மட்டும். தேர்வுக் கட்டணம் டாலரிலோ பவுண்டிலோ தனியாக வரும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்னார்களா என்று கேளுங்கள். ஏபிஐ எழுதுகிறவர் கோட் புத்தகங்களின் விலையையும் சேர்க்க வேண்டும். தேர்வு நடக்கும் ஊருக்குப் போய்வரும் செலவு, தங்கும் செலவு, விடுப்பில் போகும் சம்பளம், ஒருமுறை தவறினால் மறுதேர்வுக் கட்டணம், சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் கூட்டி, கிடைக்கப்போகும் கூடுதல் சம்பளத்தில் எத்தனை மாதத்தில் திரும்ப வரும் என்று பாருங்கள். வட்டிக்கு வாங்கித்தான் கட்ட முடியும் என்ற நிலையில், ஒரு வருஷம் வேலை பார்த்துச் சேமித்த பிறகு கட்டுவதே நல்லது. உங்கள் கம்பெனியே கட்டுமா என்றும் கேளுங்கள். கட்டும் கம்பெனிகள் உண்டு, பெரும்பாலும் பாண்ட் கேட்பார்கள். எத்தனை வருஷம், நடுவில் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

7. பயிற்சி மையத்தை நேரில் போய்ப் பாருங்கள்

போனில் முடிவு செய்யாதீர்கள். உங்கள் சான்றிதழில் கையெழுத்திடும் லெவல் 3 யார், அவர் எண் என்ன என்று கேளுங்கள். அது உண்மையா, இன்னும் செல்லுபடியாகிறதா என்பதை ஏஎஸ்என்டியிடம் சரிபார்க்க முடியும். கேட்டவுடன் முகம் சுளிப்பவர்களிடம் மேற்கொண்டு பேசத் தேவையில்லை. பிறகு லேபைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பேட்சில் எத்தனை பேர், எத்தனை அல்ட்ராசோனிக் மெஷின், வி1 கேலிப்ரேஷன் ப்ளாக் (மெஷின் அளவைச் சரிபார்க்கும் உலோகக் கட்டை) இருக்கிறதா, குறை உள்ள வெல்ட் மாதிரிகள் எத்தனை என்று பாருங்கள். முப்பது பேருக்கு ஒரு மெஷின் என்றால் உங்கள் கைக்கு அது எப்போது வரும்? திருச்சியிலேயே பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே வெல்டிங், என்டிடி பயிற்சிகள் நடக்கின்றன. இந்தியன் என்டிடி சொசைட்டியின் தலைமையகம் சென்னையில். தனியார் மையத்தில் சேருவதற்கு முன் இந்த இரண்டு இடத்திலும் விசாரித்துவிடுங்கள்.

வேலை உத்தரவாதம் என்று சொன்னால், எந்தக் கம்பெனி, என்ன பதவி, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லும் ஏஜென்ட், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

8. கிடைத்த பிறகு

சான்றிதழ் வந்ததும் அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். எஸ்என்டி-டிசி-1ஏ முறையில், பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கும் கண் சோதனை ஆண்டுதோறும் வேண்டும். அது விட்டுப்போனால் லெவல் 2 தாள் இருந்தும் சைட்டில் நிறுத்திவிடுவார்கள். எந்தத் தேதி, எந்த மெத்தட், எத்தனை மணி நேரம், எந்த வேலை என்று ஒரு லாக் புக் எழுதி, மேற்பார்வையாளரிடம் அவ்வப்போது கையெழுத்து வாங்குங்கள். லெவல் 3-க்கு விண்ணப்பிக்கும் நாளில் இதுதான் உங்களைக் காப்பாற்றும்.

கம்பெனியை விட்டுப் போகும்போது வெறும் ரிலீவிங் லெட்டரை வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். பயிற்சி மணி நேரம், மூன்று தேர்வுகளின் மதிப்பெண், மெத்தட் வாரியான அனுபவ மணி நேரம், கடைசியாக எடுத்த கண் சோதனை இவற்றின் நகல்களை லெவல் 3 கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். "நன்றாக வேலை செய்தார்" என்று மட்டும் எழுதிய அனுபவக் கடிதம் க்ளையன்டிடம் எடுபடாது. பதவி, ப்ராஜெக்ட், எந்த கோடில் வேலை, எந்தெந்த மெத்தட் எல்லாம் அதில் வர வேண்டும். சின்ன யூனிட்கள் ஆர்டர் இல்லாமல் மூடிவிடுவது இந்தத் தொழிலில் சகஜம். மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது, அதனால் கடைசி நாள்வரை காத்திராமல் ராஜினாமா நோட்டீஸ் கொடுக்கும் அன்றே இந்தப் பட்டியலை எச்ஆரிடம் கொடுத்துவிடுங்கள்.